பாலியல் குற்றவாளிகளுக்குச் சிறையில் சிகிச்சை: பலித்ததா?

பாலியல் குற்றவாளிகளில் பெரும்பாலோர் தண்டனைக் காலம் முடிந்ததும் வெளியே வருகிறார்கள். அப்படி வருபவர் மறுபடியும் அதே குற்றத்தைச் செய்யாமலிருக்கச் சிறைக்குள் என்ன செய்யலாம்? இதற்கு விடை தேடி மேலை நாடுகள் நடந்த பாதை நேரானதல்ல.

1974ல் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மார்ட்டின்சன் சிறைச் சீர்திருத்தத் திட்டங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். "எதுவும் பலிக்காது" என்பதே அதன் சாரம் என்று பலர் எடுத்துக்கொண்டனர். 1979ல் அவரே தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஆனால் முதல் கட்டுரை பரவிய அளவுக்குத் திருத்தம் பரவவில்லை.

1990ல் கனடாவின் ஆண்ட்ரூஸ், போன்டா, ஹோக் ஆகிய மூவரும் மூன்று விதிகளை முன்வைத்தனர். அபாயம் அதிகமுள்ளவருக்கே தீவிர சிகிச்சை தர வேண்டும், குற்றத்துக்குத் தூண்டும் காரணங்களையே குறிவைக்க வேண்டும், கைதிக்குப் புரியும் முறையில் கற்பிக்க வேண்டும்.

இங்கிலாந்தும் வேல்ஸும் 1990களின் தொடக்கத்தில் பெரிய அளவில் ஒரு சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கின. கைதிகள் குழுவாக அமர்ந்து, தங்கள் குற்றத்தை விவரித்து, பாதிக்கப்பட்டவரின் வலியை உணரப் பயிற்சி பெற்றனர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

2017 ஜூனில் அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2000 முதல் 2012 வரை சிகிச்சையில் சேர்ந்த 2,562 பேர், சிகிச்சை பெறாத 13,219 பேருடன் ஒப்பிடப்பட்டனர். சராசரியாக 8.2 ஆண்டுகள் கவனித்ததில், சிகிச்சை பெற்றவர்களில் 10 சதவீதம் பேரும் பெறாதவர்களில் 8 சதவீதம் பேரும் மீண்டும் பாலியல் குற்றம் செய்திருந்தனர். பலன் இல்லாததோடு, நிலைமை சற்று மோசமாகவே தெரிந்தது! குழுவில் குற்றங்களைப் பேசிப் பேசியே அவை சாதாரணமாகிவிட்டிருக்கலாம் என்பது சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று. திட்டம் அந்த ஆண்டே கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக ஹொரைசன், கைசன் என்ற புதிய திட்டங்கள் வந்தன. பழைய குற்றத்தை விவரிக்க வைப்பதை விட்டு, கோபத்தையும் உறவுகளையும் கையாளும் திறனை வளர்ப்பதில் இவை கவனம் செலுத்தின.

அப்படியானால் சிகிச்சையே வீணா? அவசரப்பட வேண்டாம். 2009ல் கார்ல் ஹான்சனும் சகாக்களும் 23 ஆய்வுகளைத் தொகுத்தபோது, சிகிச்சை பெற்றோரில் 10.9 சதவீதமும் பெறாதோரில் 19.2 சதவீதமும் மீண்டும் பாலியல் குற்றம் செய்ததாகத் தெரிந்தது. அந்த மூன்று விதிகளைப் பின்பற்றிய திட்டங்களே அதிகப் பலன் தந்தன.

இங்கிலாந்தின் அனுபவம் சொல்வது எளிது. நல்ல எண்ணம் மட்டும் போதாது, தணிக்கையும் வேண்டும். தவறான சிகிச்சைக்கு விலை கொடுப்பது அரசு மட்டுமல்ல, அடுத்துப் பாதிக்கப்படும் ஒரு குழந்தையாகவோ பெண்ணாகவோ இருக்கலாம்.