எண்ணுக்கு நிறத்தைப் பெயராக இட்டவர்கள்

எண்களோடு மட்டுமே பழகி வந்த மாணவன், ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ, முதன்முறையாகக் கணக்கில் எழுத்தைக் காண்கிறான். மூன்றும் ஐந்தும் எட்டு என்பதில் அவனுக்கு ஐயமில்லை. ‘எக்ஸ்’ என்பதன் மும்மடங்கோடு ஐந்தைக் கூட்டு என்றவுடன் அவன் மனம் கலங்குகிறது. எழுத்தை எங்ஙனம் கூட்டுவது? இக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் தகாது. மனித இனம் இதற்கு விடை காணப் பல நூற்றாண்டுகள் ஆயின. அவ்விடையின் ஒரு பெரும் பகுதி நம் நாட்டிலேயே உருவாயிற்று.

கி.பி. 499-ஆம் ஆண்டையொட்டிய ஆரியபடீயத்தில், மதிப்புத் தெரியாத பொருளுக்குக் ‘குளிகா’ என்று பெயர். மருத்துவர் கொடுக்கும் குளிகை என்ற சொல்லும் இதுவே. சிறு உருண்டை என்பது பொருள். இருவரிடம் உள்ள குளிகைகளும் காசுகளும் வெவ்வேறாக இருந்து, மொத்தச் செல்வம் மட்டும் சமமாக இருந்தால், காசுகளின் வேறுபாட்டைக் குளிகைகளின் வேறுபாட்டால் வகுக்க ஒரு குளிகையின் விலை கிடைக்கும் என்கிறார் ஆரியபடர்.

628-இல் பிரம்மகுப்தர் இன்னும் தெளிவாகச் சென்றார். தெரியாத எண்ணை அவர் ‘அவ்யக்தம்’, அதாவது வெளிப்படாதது, என்றார். வெளிப்படவில்லை என்பதால் அஃது இல்லாததாகிவிடாது. கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம். செல்வத்தையும் கடனையும் கொண்டு மிகை எண், குறை எண் ஆகியவற்றின் விதிகளை வகுத்தவரும் அவரே. தெரியாத எண்கள் பல இருப்பின் அவற்றை ‘வர்ணம்’ என்றார். வடமொழியில் வர்ணம் என்பது நிறத்தையும் குறிக்கும், எழுத்தையும் குறிக்கும். இப்பெயர்ப் பொருத்தம் இன்றைய வகுப்பறைக்காகவே அமைந்ததுபோல் இருக்கிறது.

பின்வந்தோர் கையாண்ட முறை பாஸ்கராசாரியரின் ‘பீஜகணித’த்தில் முழு உருவில் நிற்கிறது. அந்நூல் 1150-இல் முடிந்த சித்தாந்த சிரோமணியின் ஒரு பகுதி. முதல் தெரியாத எண்ணுக்கு ‘யாவத்-தாவத்’ என்று பெயர்; எவ்வளவோ அவ்வளவு என்பது பொருள். அடுத்தவை காலகம், நீலகம், பீதகம், லோகிதம். அதாவது கருமை, நீலம், மஞ்சள், சிவப்பு. எழுதும்போது முதலெழுத்தே போதும்: யா, கா, நீ, பீ, லோ. தெரிந்த எண்ணுக்கு முன் ‘ரூபம்’ என்பதன் சுருக்கமாக ‘ரூ’ வரும். கூட்டற்குறி கிடையாது, அடுத்தடுத்து வைத்தாலே கூட்டலாகும். கடனாயின் எண்ணின்மேல் ஒரு புள்ளி.

அந்நூலிலுள்ள ஒரு கணக்கு: ஒருவனிடம் 6 குதிரைகளும் 300 காசுகளும் உள்ளன. மற்றொருவனிடம் அதே விலையுள்ள 10 குதிரைகள் உள்ளன. ஆனால் அவனுக்கு 100 காசு கடன். இருவர் செல்வமும் சமம். குதிரையின் விலை யாது? முதல் வரியில் ‘யா 6 ரூ 300’ என்றும், அதன்கீழ் ‘யா 10’ என்று எழுதி, புள்ளியிட்ட ‘ரூ 100’ என்றும் வைப்பர். யா 6-ஐ யா 10-இலிருந்து கழிக்க யா 4 எஞ்சும். 300-இலிருந்து கடனைக் கழிக்க 400. ஆகவே விலை 100.

இங்கே ‘யா’ என்பது குதிரையன்று. குதிரையின் விலை, அதாவது ஓர் எண். மாம்பழத்திற்கு ‘மா’, வாழைப்பழத்திற்கு ‘வா’ என்று தொடங்கும் ஆசிரியர், எழுத்து பொருளின் சுருக்கப்பெயர் என்ற எண்ணத்தை மாணவன் உள்ளத்தில் விதைத்துவிடுகிறார். பின்னர் மாவையும் வாவையும் பெருக்கும் நாள் வரும்போது அவன் திகைக்கிறான். பழத்தைப் பழத்தால் பெருக்குவது எவ்வாறு? நிறப்பெயர்களில் இந்த இடர்ப்பாடு இல்லை. நீலகம் எந்த நீலப் பொருளையும் குறிப்பதன்று என்பது பார்த்தவுடனே விளங்கும்.

நம்மவர் குறியிட்டது பெரும்பாலும் தெரியாத எண்ணுக்கே. தெரிந்த எண்களுக்கும் எழுத்தை இட்டு, ஒரே கோவையால் ஓர் இனத்துக் கணக்குகள் அனைத்தையும் சொல்லும் முறையை 1591-இல் பிரான்சு நாட்டு வியேட் வகுத்தார். தெரியாதவற்றுக்கு உயிரெழுத்து, தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்து என்பது அவர் ஏற்பாடு. 1637-இல் டெக்கார்த் எழுதிய வடிவகணித நூலின் வழியே ‘எக்ஸ்’, ‘ஒய்’, ‘இசட்’ என்பன வழக்கில் ஊன்றின.

மாறி என்ற சொல்லின் பொருளை விளக்கவும் அக்குதிரைக் கணக்கே உதவும். சமம் என்ற நிபந்தனையைச் சற்று மறந்துவிட்டு, விலை 50 ஆனால் என்ன என்று கேட்கலாம்: முதல்வனிடம் 600, மற்றவனிடம் 400. விலை 200 ஆனால் 1500, 1900. முன்பு பின்தங்கியவன் இப்போது முந்திவிட்டான். விலை மாற மாற இரு கோவைகளின் மதிப்பும் மாறுகிறது. 100 என்ற ஓரிடத்தில் மட்டும் இருவரிடமும் 900.