ஹைப்போவில் கரைந்த வெள்ளி

கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது வெள்ளிதான். ஒளி பட்ட வெள்ளி உப்பு டெவலப்பரில் உலோகத் துகளாகி பிலிமிலேயே தங்கிவிடும். படாதது ஹைப்போவில் கரைந்து தொட்டிக்குப் போகும்.

தொட்டியில் இருப்பதை மின்சாரத்தால் மீட்கலாம். பட்டாபிராமில் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிளேட்டிங் பட்டறை புதுசில்லை. இதுவும் அதேதான், ஆனா இங்கே முலாமே சரக்கு. எவர்சில்வர் கேத்தோடில் வெள்ளி படியும், சுரண்டி எடுத்துக்கொள்ளலாம். அவசரம் கூடாது. கரண்ட் கூடினால் ஹைப்போவே சிதைந்து, வெள்ளி கறுப்புச் சல்பைடாகக் கலங்கிவிடும். இந்த வழியில் படத்துக்குச் சேதமில்லை.

பிலிமில் தங்கிய வெள்ளி வேண்டுமென்றால் படத்தையே அழிக்க வேண்டும். சுருளை எரித்துச் சாம்பலை உருக்குவது ஒரு வழி. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை உருவாக்கிய பி.கே. நாயர், இந்தியாவின் முதல் பேசும்படம் 'ஆலம் ஆரா'வை (1931) தேடி அர்தேஷிர் இரானியிடம் போனார். வெள்ளியை எடுத்துவிட்டுச் சுருள்களை ஒழித்தாகிவிட்டது என்றாராம் மகன். 'செல்லுலாய்ட் மேன்' ஆவணப்படத்தில் நாயரே சொல்கிறார். போனது நாயகி ஜுபைதாவின் கூந்தல்.

திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஓடி முடிந்த படத்தை விற்க அன்று டிவி ஏது? அதே ஆண்டு வந்த நம்ம 'காளிதாஸ்' பிரதியும் இன்று இல்லை. எல்லாமே வெள்ளிக்காகப் போனவை அல்ல. நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். தப்பிய ஒன்று, நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' (1933). நாவலின் பதிப்பாளர் தொடுத்த காப்புரிமை வழக்கில் பிரதி பறிமுதலானது. 1974-ல் திருவனந்தபுரத்தில் அந்தப் புத்தகக் கடையிலிருந்து காப்பகம் அதை மீட்டது.