ஒரே வளாகம், மூணு கணக்கு: அத்திப்பட்டின் புகைக் கதை

அத்திப்பட்டுன்னு சொன்னதும் பலருக்கு 2001-ல வந்த ‘சிட்டிசன்’ படத்தோட அத்திப்பட்டிதான் ஞாபகம் வரும். அது கற்பனை ஊர். நம்ம அத்திப்பட்டு நிஜம். சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினா, எண்ணூருக்கு அடுத்து அத்திப்பட்டு புதுநகர். அங்கிருந்து பார்த்தாலே வட சென்னை அனல்மின் நிலையத்தோட புகைபோக்கிகள் தெரியும்.

அந்தப் புகையில இருக்கிற நைட்ரஜன் ஆக்சைடு கொஞ்சம் விசித்திரமான ஆள். கந்தகம் நிலக்கரியில இருந்து வருது. ஆனா நைட்ரஜன், நிலக்கரியில இருக்கிறது போதாதுன்னு, காத்துல இருந்தும் வருது. நாம சுவாசிக்கிற காத்துல 78 சதவீதம் நைட்ரஜன்தானே! சும்மா கிடக்கிற அது, கொதிகலனின் கடும் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்துவிடுகிறது. வெளியே வந்து வெயில் பட்டால் ஓசோனாகவும் நுண்துகளாகவும் மாற வழி செய்கிறது. நுரையீரலுக்கு நல்லதில்லை.

‘ஸ்க்ரப்பர் வெச்சுக் கழுவிட வேண்டியதுதானே?’ன்னு கேட்கலாம். கந்தக டை ஆக்சைடு சுண்ணாம்புக் கரைசல்ல மாட்டிக்கும். நைட்ரிக் ஆக்சைடு தண்ணியில லேசில் கரையாது. அதனால முக்கியமா ரெண்டு வழி. ஒண்ணு, பர்னரை மாத்தி, காத்தைப் பிரிச்சு விட்டு, அது உருவாகிறதையே குறைக்கணும். இன்னொண்ணு, புகையில அம்மோனியாவைக் கலந்து வினையூக்கி வழியா அனுப்பி, பழையபடி நைட்ரஜனா மாத்தணும். ஜப்பான் இதை 1970-களிலேயே செய்ய ஆரம்பிச்சிடுச்சு. நம்ம நிலக்கரியில சாம்பல் ரொம்ப ஜாஸ்தி; அது வினையூக்கியை அரிச்சிடும்ங்கிறது இங்கே சொல்லப்படுற காரணம். காரணம் பொய்யில்லை. ஆனா பர்னரை மாத்துறதுக்கு அது தடையே இல்லை.

இந்தியாவில் அனல்மின் நிலையங்களின் நைட்ரஜன் ஆக்சைடுக்கு நாடு முழுவதுக்குமான வரம்பு வந்ததே 2015 டிசம்பரில்தான். 2003 முடிவதற்குள் நிறுவப்பட்ட யூனிட்டுக்கு, ஒரு கன மீட்டர் புகையில் 600 மில்லிகிராம். 2004 முதல் 2016 வரை உள்ளவைக்கு 300. அதற்குப் பிறகு வந்தவைக்கு 100. கெடு ரெண்டு வருஷம். கெடு தள்ளிப் போச்சு, மறுபடியும் தள்ளிப் போச்சு. 2020 அக்டோபரில் அந்த 300-ஐயே 450-னு மாத்திட்டாங்க. குறைஞ்ச சுமையில ஓட்டும்போது 300-க்குள்ள நிற்க முடியலைங்கிறது மின் நிறுவனங்களோட வாதம்.

இப்ப அத்திப்பட்டுக்கு வருவோம். முதல் நிலை, 1990-களின் நடுவில் வந்த மூணு 210 மெகாவாட் யூனிட்டுகள்: 600. இரண்டாம் நிலை, 2010-களில் வந்த ரெண்டு 600 மெகாவாட்: 450. 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட 800 மெகாவாட் மூன்றாம் நிலை: 100. ஒரே வளாகம், ஒரே கடல்காத்து, மூணு கணக்கு. பக்கத்துலயே வல்லூர்ல 1,500 மெகாவாட் இருக்கு, அதுக்கும் 450தான்.

இதெல்லாம் புகைபோக்கி ஒவ்வொன்றுக்குமான வரம்பு. புதுநகர் ஸ்டேஷன்ல நிக்கிறவங்க சுவாசிக்கிறது எல்லாத்தையும் சேர்த்து.