பெரிய சிவப்புப் படகு

வாண்டுகளோடு சொகுசுக் கப்பலா? உடனே எல்லோரும் டிஸ்னி என்பார்கள். ஆனால் அந்தச் சந்தையைப் பிடித்துக் காட்டியது வேறொரு கம்பெனி நண்பர்களே!

1983-இல் அமெரிக்காவில் தொடங்கிய பிரீமியர் குரூஸ் லைன், 1985-இல் டிஸ்னியோடு ஒப்பந்தம் போட்டது. மூன்று நான்கு இரவு பஹாமாஸ் கப்பல், மிச்ச நாள் ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டு, இரண்டுக்கும் ஒரே டிக்கெட். சிவப்புக் கப்பலில் மிக்கி மவுஸே வந்து கை கொடுக்கும். பணம் அப்பாவுடையது, முடிவு பிள்ளையுடையது! (எங்கள் மார்க்கெட்டிங் பாடத்தில் இதற்கே ஒரு அத்தியாயம் வைக்கலாம்.)

ஆனால் மிக்கி இரவல் சரக்குதானே? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒப்பந்தம் முடிந்தது. டிஸ்னி சொந்தமாகவே கப்பல் கட்டி, 1998-இல் 'டிஸ்னி மேஜிக்'கை இறக்கியது. ஏறக்குறைய ஒரு தளம் முழுக்கக் குழந்தைகளுக்கு. உயிர்காப்புப் படகுகள்கூட வழக்கமான ஆரஞ்சு இல்லை, மிக்கியின் ஷூ மாதிரி மஞ்சள். அதற்குத் தனி அனுமதி வாங்கினார்கள்.

பிரீமியர் பக்ஸ் பன்னியை வைத்துச் சமாளித்துப் பார்த்தது. 2000 செப்டம்பரில் கடன்காரர்கள் கப்பல்களைப் பிடித்துக்கொள்ள, பயணிகள் பாதி வழியில் இறங்க வேண்டியதாயிற்று. சிவப்புக் கப்பல்களில் பேர்போன 'ஓஷியானிக்' கைமாறிக் கைமாறி, 2012-இல் சீனாவில் உடைப்புக்குப் போனது.