சீட்டில் உட்காருவது

சைக்கிளைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஏழையின் வாகனம் என்றே எழுதுகிறார்கள். நாலு காசு சேர்ந்ததும் மோட்டார் வண்டிக்கு மாறிவிடுகிறான், சைக்கிளில் போவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறான் என்று வருத்தப்படுகிறார்கள். இருக்கட்டும். சேரிக்காரனுக்கு அது காசு கொடுத்து வாங்கினாலும் ஓட்ட முடியாத வாகனமாக இருந்ததே, அந்த வரலாற்றை யார் எழுதுவது?

1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமை நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது, குடை கூடாது, செருப்புக் கூடாது, பெண்கள் மாராப்புப் போடக்கூடாது. நம்ம சனங்கள் அடங்கவில்லை. 1931 ஜூனில் தடை பதினொன்றாகியது. கல்யாணத்தில் குதிரை ஏறக்கூடாது, வீட்டுக் கதவையே பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டும், எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனமும் கூடாது என்பது அதில் ஒன்று. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். எந்த வாகனமும் என்று மொத்தமாகச் சொல்லிவிட்ட பிறகு சைக்கிளைத் தனியாகச் சொல்வானேன்.

என்ன அப்படி ஒரு பயம்? ஆண்டை நடந்து வருகிறார், இவன் அவர் தலைக்குச் சமமாக உக்காந்து பெல் அடிச்சிக்கிட்டுப் போறான். அது ஒன்று. இன்னொன்றைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். சைக்கிள் இருந்தால் டவுனில் கொத்து வேலை பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்பலாம். பண்ணைக்கு ஆள் கிடைக்காது.

எங்கய்யா ஒரு பழைய சைக்கிள் வைத்திருந்தார். ஊர்த்தெரு முக்கு வந்ததும் இறங்கி உருட்டிக்கிட்டே போவார். கோயிலைத் தாண்டிக் கம்மாக்கரை ஏறினதும்தான் பெடலில் கால் வைப்பார். "ஏன்யா எறங்குற?" என்று கேட்டால் "செயின் கழண்டுருச்சுடா" என்பார். தினமும் அதே முக்கில் செயின் கழன்றது.

1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. விவசாயக் கூலிகள், கல்குவாரிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். ஆம்பளைகள் ஆபாசமாகக் கேலி பேசினார்கள். அதையும் தாங்கிக்கொண்டுதான் ஓட்டினார்கள். பிள்ளையை முன்னால் பாரில் உட்கார வைக்கலாம் என்று ஆண்கள் சைக்கிளையே கேட்டு வாங்கிய பெண்களும் உண்டு. நாடே பாராட்டியது, நானும்தான். ஆனால் அந்தப் பாராட்டுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றைக் கேட்கத் தோன்றும்: சேரிப் பெண் எந்தத் தெரு வழியாக ஓட்டினாள்?

2001-02இல் தமிழக அரசு தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் விரித்தது. ஒரே மாதிரி சைக்கிளில் பள்ளிக்கூடமே வரும்போது யாரை இறங்கச் சொல்வது என்று ஊருக்கே குழப்பம் வந்திருக்கும்.

அதோடு தீர்ந்துவிடவில்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தினார்கள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறை. அதில் சைக்கிள் பேர் சொல்லியே வருகிறது. பொது இடத்தில் தலித் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்போ புதுத்துணியோ போடுவதைத் தடுத்தால் குற்றம். கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஏறுவதைத் தடுத்தாலும் குற்றம். 1931 பட்டியலையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். குதிரைகூட அப்படியே இருக்கிறது.