கூரையில் ஒரு மின்நிலையம்

இருங்காட்டுக்கோட்டை என்றவுடன் மோட்டார் கார்கள் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. 1998 முதல் ஹூண்டாய் கார்கள் அங்கிருந்து வெளிவருகின்றன. ஆனால் அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், பிள்ளைப்பாக்கம் தொழிற்பேட்டையில், 2024 ஜனவரியில் வேறோர் ஆலை திறக்கப்பெற்றது. ஃபர்ஸ்ட் சோலார் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் அவ்வாலை, கண்ணாடியின்மீது காட்மியம் டெல்லுரைடு என்னும் பொருளை மெல்லிய படலமாகப் படியவைத்துச் சூரிய மின்தகடுகளைச் செய்கின்றது. ஓராண்டில் அங்கே ஆக்கக்கூடிய தகடுகளின் மொத்தத் திறன் 3,300 மெகாவாட்.

ஒளியால் மின்சாரம் பிறக்கும் என்பது புதிய செய்தியன்று. 1839-இல் பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் அதனைக் கண்டார். ஆயினும் நூறாண்டுகளுக்கு மேலாக அது ஆய்வுக்கூடத்து விந்தையாகவே இருந்தது. அதனைப் பயன்படு பொருளாக்கியது ஒரு தொலைபேசித் தொல்லையாகும். வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் தொலைபேசிக் கருவிகளுக்கு வைத்த உலர் மின்கலங்கள் விரைவில் கெட்டன. மாற்று வழி தேடிய பெல் ஆய்வுக்கூடத்துப் பொறிஞர் டாரில் சேப்பின், வேதியறிஞர் கால்வின் ஃபுல்லர், இயற்பியலறிஞர் ஜெரால்டு பியர்சன் ஆகிய மூவரும், சிலிக்கானால் செய்த மின்கலத்தின் ஆற்றலை 1954 ஏப்ரல் 25-இல் உலகுக்குக் காட்டினர். விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கையே அது மின்சாரமாக்கிற்று. அதைக் கொண்டு ஒரு பொம்மை இராட்டினத்தைச் சுழற்றினர். சிறிய வானொலி ஒலிபரப்பி ஒன்றையும் இயக்கினர். வானொலியில் பேசும் எனக்கு இச்செய்தியில் தனி மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்? 1958-இல் ஏவப்பெற்ற வான்கார்டு 1 என்னும் செயற்கைக்கோளில் இருந்த சாதாரண மின்கலம் சில வாரங்களில் ஓய்ந்தது. சூரிய மின்கலங்களோ 1964 வரை உழைத்தன.

இனி, வீட்டுக்கு வருவோம். தகட்டை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கணக்குப் போடுவோரே பலர். கணக்கு இரவிலிருந்து தொடங்குதல் வேண்டும். என் வீட்டுக் கணக்கையே சொல்கின்றேன். 9 வாட் விளக்கு ஐந்து, 5 மணி நேரம்: 225 வாட்மணி. 30 வாட் மின்விசிறி இரண்டு, 8 மணி நேரம்: 480. 50 வாட் தொலைக்காட்சி, 3 மணி நேரம்: 150. ஆக 855. நம் பகுதியில் ஒரு நாளைக்குச் சுமார் 5 மணி நேர முழுவெயில் என்று கொண்டு, சூட்டாலும் தூசியாலும் கம்பிகளாலும் நேரும் இழப்புக்கு இடம்விட்டால், 250 வாட் தகடு போதும். 12 வோல்ட், 150 ஆம்பியர்மணி ஈய அமில மின்கலம் 1,800 வாட்மணியைத் தாங்கும். அதில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். எனவே நமக்குரியது 900. தகட்டைத் தெற்கு நோக்கி, நம் அட்சரேகைக்கு ஏற்பச் சுமார் 13 பாகை சாய்த்து நிறுத்தினேன்.

ஏப்ரலில் எல்லாம் செவ்வனே நடந்தன. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தது. இரண்டாம் நாள் மாலையே வீடு இருண்டது. கோடையைக் கொண்டு போட்ட கணக்கு கார்காலத்துக்கு உதவுமா? தகட்டையும் மின்கலத்தையும் இரு மடங்காக்கிய பின்னரே நிலைமை சீரடைந்தது.

மின்கலமே வேண்டாமென்று மின்வாரியக் கம்பியோடு கூரைத் தகடுகளை இணைப்போர் இன்று மிகுதி. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அத்தகைய வீட்டார் ஒன்றைக் கண்டு திகைப்பர்: ஊரில் மின்சாரம் நின்றால், நண்பகல் வெயிலிலும் அவர்கள் அமைப்பு தானே நின்றுவிடும். இது பழுதன்று. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் தொழிலாளி, கம்பியில் மின்சாரம் இல்லையென்று நம்பியே கை வைக்கின்றார். நம் கூரையிலிருந்து மின்சாரம் அக்கம்பிக்குப் பாய்ந்தால் அவர் உயிர் போகும். ஆதலின் கணக்கை நாமே போடலாம். சட்டத்தை நாமே நிறுத்தலாம். வாரியக் கம்பியோடு இணைக்கும் வேலை மட்டும், வாரியத்தின் இசைவு பெற்று, உரிமம் உடைய மின்பணியாளரே செய்தற்குரியது.