ஆடிக் காற்றும் ஹுசேன் சாகரும்

ஜூன் 30 காலாண்டுக் கணக்கை முடித்துவிட்டு ஒரு வாரம் தூங்கலாம் என்று நினைத்தால் எந்த பாங்கில் விடுகிறார்கள்? ஆணி மேல் ஆணி. அந்த வாரம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கமணியிடம் "காய்கறி வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை டேங்க் பண்ட் பக்கம் திருப்பினேன். புத்தர் சிலைக்குப் பின்னால் முப்பது நாற்பது வெள்ளைப் பாய்கள், கொக்குக் கூட்டம் மாதிரி ஒரே பக்கம் சாய்ந்து போய்க்கொண்டிருந்தன.

ஹைதராபாத்துக்கு மாற்றல் ஆகி வந்த முதல் வருடம் அது. பக்கத்தில் மிர்ச்சி பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவரிடம் என்னவென்று கேட்டேன். "ரேஸ் சார், ஒவ்வொரு வருஷமும் நடக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் தூத்துக்குடிக்காரன். கடல் பார்க்க வேண்டுமென்றால் சாலை வழியே 300 கிலோமீட்டராவது போக வேண்டிய ஊரில், கடல் மட்டத்துக்கு 500 மீட்டருக்கு மேலே, பாய்மரப் போட்டியா? அதுவும் ஆனி ஆடியிலா?

ஏன் "ஆனி ஆடியிலா" என்றேன் என்பதைச் சொல்ல வேண்டும். என் ஆச்சியின் அண்ணன் தோணியில் தண்டலாக இருந்தவர். தண்டல் என்றால் தோணியின் தலைவர், கேப்டன் மாதிரி. (சென்னையில் தண்டல் என்றால் வேற அர்த்தம், வட்டிக்கு விடுகிறவர். பாங்க்காரன் வாயில் அந்தச் சொல் வந்தால் தப்பாக நினைக்காதீர்கள் :-)) நாங்கள் அவரைத் தண்டல் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். இயந்திரம் பொருத்தாத காலத்துத் தோணிகளில் உப்பு, வெங்காயம், மிளகாய் வற்றல் என்று ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வந்தவர்.

அவர் வீட்டில் ஆனியும் ஆடியும் வீட்டோடு இருக்கும் மாதங்கள். தென்மேற்குக் காற்று, கடலோரத்தில் சோழகம் என்பார்கள், வேகமெடுத்துவிட்டால் தோணிகளுக்குக் கடல் கிடையாது. பாயை இறக்கி, மரத்தைப் பழுது பார்த்து, பலகை இடுக்கில் பஞ்சு திணித்து, அடுத்த பருவத்துக்குத் தயாராவார்கள். மீதிப் பொழுதெல்லாம் பேச்சு. முடிந்துபோன பருவத்தில் யார் எத்தனை நாளில் கொழும்பு போனார், யாருடைய பாய் கிழிந்தது, இப்படி. அம்மியே பறக்கும் மாதத்தில் தோணிக்கு என்ன வேலை?

அங்கே கடலை மூடுகிற அதே காற்றுதான் இங்கே ஏரியைத் திறக்கிறது. அரபிக்கடலில் கிளம்பி, மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டு, தக்காணப் பீடபூமிக்கு வரும்போது கடலில் இருந்த மூர்க்கம் குறைந்து, ஆனால் நாள் முழுக்க நிற்காத காற்றாக அது வீசுகிறது. ஜூலையில் டேங்க் பண்டில் ஏரியைப் பார்த்து நின்றால் அது நேராக முகத்தில் அடிக்கும். தாத்தாவின் ஓய்வுக் காலம், இந்த ஊர்ப் பாய்மரக்காரர்களின் திருவிழாக் காலம்.

சரி, கொஞ்சம் சரித்திரம். ஹுசேன் சாகர் 1562-63 வாக்கில் இப்ராஹிம் குலி குதுப் ஷா காலத்தில் வெட்டப்பட்டது. கட்டுவித்தவர் ஹுசேன் ஷா வலி. ஹைதராபாத் நகரம் உருவானது 1591-ல். அதாவது ஊரை விட ஏரி முப்பது வயது மூத்தது. கோல்கொண்டா அரசர்களுக்குக் கப்பல் உண்டு, ஆனால் அதெல்லாம் மச்சிலிப்பட்டினத்தில். இந்த ஏரி தண்ணீருக்காக வெட்டியது. மூசி ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாக நீர் வந்தது. இதில் ஒருநாள் பாய் விரிப்பார்கள் என்று வெட்டியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஏரியின் வடக்கே ஆங்கிலேயர்களின் ராணுவ முகாம் வளர்ந்து, 1806-ல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் ஆனது. சுதந்திரத்துக்குப் பிறகும் அது ராணுவ ஊர்தான். பாய்மரத்தை இங்கே பிடித்து வைத்திருப்பவர்களும் அவர்களே. வண்டி, பீரங்கி, ரேடார் எல்லாவற்றையும் பழுது பார்க்கும் பிரிவான இ.எம்.இ.யின் கல்லூரி செகந்திராபாத்தில் இருக்கிறது. அவர்களுடைய இ.எம்.இ. செயிலிங் அசோசியேஷனும் லேசர் படகுச் சங்கமும் சேர்ந்து நடத்துவதுதான் ஹைதராபாத் செயிலிங் வீக். முப்பது முறைக்கு மேல் நடந்துவிட்டது. நான் அன்று பார்த்தது அதைத்தான்.

லேசர் என்றால் வேறெதுவும் இல்லை, ஒற்றை ஆள் ஓட்டும் சின்னப் படகு. நாலேகால் மீட்டர் நீளம், ஒரே பாய். கனடாக்காரர் புரூஸ் கிர்பி 1970 வாக்கில் வரைந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலிருந்து ஒலிம்பிக் படகு. இப்போது ஐ.எல்.சி.ஏ. என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனாலும் ஏரிக்கரையில் இன்னும் லேசர்தான். எல்லோருக்கும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே படகு என்பதால் ஜெயிப்பது படகு இல்லை, ஆள்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நேராகப் போகவே முடியாது. சுமார் 45 டிகிரி விலகி ஒரு பக்கம் கொஞ்ச தூரம், பிறகு திரும்பி மறுபக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் மேலே ஏற வேண்டும். ப்ரமோஷனுக்காக ஊர் ஊராக மாற்றல் வாங்குகிற பாங்க் ஆபீசருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மறு வருடம் பக்கத்து அபார்ட்மெண்ட் ராணுவக்காரர் ஒருவரோடு கரைக்கே போனேன். அங்கே மார்க் போடும் முறையைக் கேட்டதும் என்னுள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டது. முதலில் வந்தால் ஒரு புள்ளி, பத்தாவது வந்தால் பத்துப் புள்ளி. கடைசியில் கூட்டிப் பார்த்து யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தார். அதை விட அருமை, சில ரேஸ்கள் முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் மோசமான ஒரு ரேஸைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். எங்கள் பாங்கில் இதற்கு ரைட்-ஆஃப் என்று பேர். அதை வாங்க எத்தனை குறிப்பு, எத்தனை கையெழுத்து! இங்கே கேட்காமலே தருகிறார்கள்.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது இரண்டு மூன்று பேரிடம், "இந்த சீசன்ல உங்களுக்கு மறக்க முடியாதது எது?" என்று கேட்டேன். ஜெயித்த ரேஸைச் சொல்வார்கள் என்று நினைத்தேன். ஒருவர் புயல் மாதிரி அடித்த காற்றில் படகு கவிழ்ந்து, சுக்கான் கழன்று, அதைப் பிடிக்க நீந்தியதைச் சொன்னார். இன்னொருவர் எல்லைக்கோட்டுக்குப் பத்து அடி முன்னால் காற்று நின்றுபோய், பின்னால் வந்த ஆறு பேர் வேறொரு காற்றைப் பிடித்துத் தாண்டிப் போனதைச் சொன்னார். இரண்டுமே கணக்கிலிருந்து நீக்கப்பட்ட ரேஸ்கள்! கழித்தது கணக்கில்தான், மனதில் இல்லை.

எனக்குச் சட்டென்று தண்டல் தாத்தா ஞாபகம் வந்துவிட்டார்.

அவருக்கு ஒரு நோட்டு உண்டு. பழுப்பேறிய கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி. என்ன சரக்கு, எத்தனை மூட்டை, எத்தனை நாள், என்ன கூலி. காலேஜ் படிக்கும்போது அதைப் புரட்டியிருக்கிறேன். ஒரு வரியில் மட்டும் "வெங்காயம். நட்டம்." என்று இருந்தது, அவ்வளவுதான். அதைக் காட்டிக் கேட்டபோதுதான் கதை வந்தது.

கிளம்பிய இரண்டாம் நாள் காற்று சுத்தமாக நின்றுவிட்டதாம். பாய் தொங்குகிறது. தோணி கடலில் மரக்கட்டையாகக் கிடக்கிறது. நீரோட்டம் எங்கே இழுக்கிறது என்றே தெரியாமல் நாலு நாள். குடிதண்ணீரை அளந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். வெங்காயம் அழுகி நாற்றம் தாங்கவில்லை. ஐந்தாம் நாள் விடியும்போது தூரத்தில் திருச்செந்தூர் கோபுரம். கிளம்பிய கரைக்கே திரும்பியிருந்தார்கள். "புயலுக்குப் பயப்பட்டதில்லல, காத்து நின்ன அன்னைக்குத்தான் சாமிய நெனச்சேன்" என்றார். நாற்பது வருடம் கடலில் இருந்தவருக்கு, முகத்தில் வெளிச்சம் வரச் சொல்ல ஒரு கதை என்றால் அந்த நட்டக் கணக்குதான்.

எங்கள் ஊர்க் கப்பல் என்றால் எல்லோருக்கும் 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனிதான் ஞாபகம் வரும். வரவேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பாய் விரித்து ஓடிய ஆயிரம் தோணிகளின் கதை நோட்டு வரிகளாகக்கூட மிஞ்சவில்லை. எழுதி வைத்தால் நிற்கும் என்பதற்கு நம்மவர்களிலேயே சாட்சி உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். தமிழ் மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு போய் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அந்த ஊர்ப் பத்திரிகைகள் எழுதியதால் இன்றும் பேசுகிறோம். தண்டல் தாத்தாவைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதும்?

இன்றைக்குப் பாய்மரத்தில் நம்மவர்கள் இல்லாமல் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் 2021-ல் நடந்தபோது பாய்மரத்தில் இந்தியாவுக்காகப் போன நாலு பேர் சென்னையின் நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர், வேலூர்க்காரரான விஷ்ணு சரவணன். விஷ்ணு 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் 18-வது, நேத்ரா 21-வது. பதக்கம் இல்லையே என்று உச்சுக் கொட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை ஜூலைக் காற்றில் லேசரில் உட்கார்ந்து பாருங்கள்.

நான் உட்காரவில்லை (தொப்பை). மகள் உட்கார்ந்தாள். ஹைதராபாத்தில் வளர்ந்தவள், தூத்துக்குடி அவளுக்குக் கோடை விடுமுறை ஊர். 2009 வாக்கில் சுஹேம் ஷேக் தொடங்கிய யாட் கிளப் ஆஃப் ஹைதராபாத், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளையும் ஏரிக்குக் கொண்டுவந்து தேசியப் போட்டி வரை ஏற்றிவிட்டிருக்கிறது. அவர்களைப் பார்த்துத்தான் இவளுக்கும் ஆசை. ஒரு கோடையில் ஆப்டிமிஸ்ட் என்கிற, வாஷிங் டப்புக்குப் பாய் கட்டின மாதிரியான குட்டிப் படகில் ஆரம்பித்தாள். ஏரியின் வாசனை பற்றி அவள் அம்மாவுக்கு இருந்த கவலை நியாயமானதுதான். ஊர்ச் சாக்கடை எல்லாம் அதில்தான் சேர்ந்தது. சுற்றிலும் ஆக்கிரமித்துச் சுருங்கிய ஏரி அது. ஆனாலும் காற்று மட்டும் குதுப் ஷா காலத்துக் காற்று.

தெலுங்கில் காற்றை "காலி" என்பார்கள். கோச் "காலி லேது" என்றால் காற்று இல்லை என்று அர்த்தம். தமிழ்க் காதில் எப்படி விழுகிறது பாருங்கள். காற்று இல்லாவிட்டால் எல்லாம் காலிதானே.

முதல் சீசன் முடிந்து வண்டியில் திரும்பும்போது கேட்டேன், "எது ரொம்பப் பிடிச்சுது?" என்று. "அன்னிக்கு மூணு தடவ கவுந்தேன்ல, மூணாவது தடவ யாரும் வராம நானே நிமிர்த்தினேன்பா. அதான்" என்றாள். அந்த ரேஸில் அவள் கடைசி.

வீட்டுக்கு வந்ததும் ஊருக்கு போன் போட்டேன். தாத்தா போய் வருடங்களாகிவிட்டன, அந்த நோட்டு எங்கே என்று கேட்டேன். வீடு இடித்துக் கட்டியபோது பழைய பேப்பரோடு போயிருக்கும் என்றார் மாமா. லட்சக்கணக்கான வவுச்சர்களைப் பத்து வருடம் பத்திரமாக வைக்கும் உத்தியோகத்தில் இருப்பவன், அந்த ஒரு நோட்டைக் கேட்டு வாங்கி வைக்கவில்லை.

ஒரு புது நோட்டு வாங்கி மகளிடம் கொடுத்தேன். எத்தனாவது வந்தாய் என்பதை ஒரு வரியில் எழுது, கவிழ்ந்த கதையை ஒரு பக்கம் எழுது என்றேன். முதல் பக்கத்தில் வெங்காயக் கதையை எனக்கு ஞாபகம் இருந்தவரை நானே தமிழில் எழுதினேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கக் கொஞ்சம் தடுமாறும். திருச்செந்தூர் கோபுரம் வரை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "நாலு நாளுமா காலி லேது?" என்று கேட்டாள்.

ஆமாம்டா, நாலு நாளும்.